சுவரில் கோடு போடும் பிள்ளையை அடிக்காதீர்கள்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால், நம் பிள்ளை சுவரில் சித்திரம் எழுதிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கரிக்கட்டையைப் பிடுங்கி எறிகிறோம். முதுகில் இரண்டு வைக்கிறோம். "படிக்கிற புள்ளைக்கு இது என்னா வேலை? படம் சோறு போடுமா?" என்று கேட்கிறோம்.

கமுந்திங் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலும் சரி, செம்பனையில் பாடுபடும் குடும்பங்களிலும் சரி, இந்தப் பேச்சை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நம்மில் பலர் அந்த அடியை வாங்கி வளர்ந்தவர்கள். எனவே யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லவே எழுதுகிறோம்.

படம் சோறு போடுமா? நம் பேராக் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 1951-இல் கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்தவர் கேலிச்சித்திரக்காரர் லாட். அப்பா ராணுவத்தில் குமாஸ்தா. பிள்ளை படம் வரைவதை வீட்டில் தடுக்கவில்லை. படக்கதைப் புத்தகங்களும் கொடுத்தார்கள். 1964-இல், 13 வயதில், அவருடைய முதல் படக்கதைப் புத்தகம் வெளிவந்தது. 1979-இல் தன் கம்பத்து வாழ்க்கையையே 'கம்போங் பாய்' என்று வரைந்தார். ஈயக்கப்பல் ஓடிய ஊரின் கதையை உலகமே பார்த்தது. 1994-இல் பேராக் சுல்தான் டத்தோ பட்டம் கொடுத்தார்.

"எல்லாப் புள்ளையும் லாட் ஆயிடுமா?" என்பீர்கள். ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. படம் வரைகிற பிள்ளை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது, அதுதான் லாபம். பால்மரத்தை வரையச் சொல்லிப் பாருங்கள். வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது, பால் எங்கே வழிகிறது, மங்கு எங்கே இருக்கிறது என்று கவனித்தால்தான் வரைய முடியும். அறிவியல் பாடமும் இங்கேதான் தொடங்குகிறது.

தாய்மார்களே, உங்கள் கையில் இந்தக் கலை ஏற்கெனவே இருக்கிறது! வாசலில் புள்ளி வைத்து, எண்ணி, கம்பியை வளைத்துக் கோலம் போடுகிறீர்களே, அது வெறும் அலங்காரம் அல்ல. சென்னை கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் கோலத்துக்குள் இருக்கும் ஒழுங்கை எடுத்து, 1974-இல் கம்ப்யூட்டர் துறைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நம் பாட்டி அரிசி மாவில் போட்டதைப் படித்தவர்கள் கணிதமாகக் கண்டார்கள். மகளை மட்டும் அல்ல, மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கும் ஒரு வார்த்தை. ஓவியப் பாட நேரத்தைக் கணிதத்துக்கும் மொழிக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. முன்பு ஆறாம் ஆண்டுச் சோதனையைக் காரணம் காட்டினார்கள். அந்தச் சோதனை 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இனி என்ன காரணம்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும் என்பது சம்பளத்துக்கு மட்டுமா?

கலர் பென்சில் வாங்க வசதி இல்லையா? பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் வெள்ளைதானே. அடுப்புக்கரி கறுப்பு, மஞ்சள் தூள் மஞ்சள். நம் ஊருக்குப் பெயர் தந்த கமுந்திங் செடியின் பழம் ஊதா. வரைந்து முடித்ததும், "இது என்னா கண்றாவி?" என்று கேட்காதீர்கள். "இதுல என்னா நடக்குது, சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கதை சொல்லும், தமிழும் வளரும்.

ஞாயிற்றுக்கிழமை தைப்பிங் ஏரித் தோட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த ஏரிகள் ஈயம் தோண்டிய குழிகள். 1880-இல் அது பூங்காவானது. குழியைப் பார்த்தபோதே அதில் தோட்டத்தைக் கண்ட கண் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தக் கண் நம் பிள்ளைக்கும் வேண்டும்.

வீடும் கூலியும் கேட்டுப் போராடியது பிள்ளைகள் நம்மைப்போல் குனிந்தே நடக்கக்கூடாது என்பதற்காகத்தான். இல்லாததை மனத்தில் காணத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு அதைக் கேட்கவும் துணியும். சுவரை வெள்ளையடித்துக்கொள்ளலாம். பிள்ளையின் ஆசையை அழித்துவிட்டால், அதை மறுபடி எழுத நம்மால் ஆகாது.