மூட்டைப்பூச்சிக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

கடந்த வருட ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் காலை எழும்பியபோது என் இடது கையில் மூன்று தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தன. உம்மா பார்த்துவிட்டு நுளம்பு என்றார். எங்களூரில் நுளம்பு என்றாலே டெங்குப் பயம்தான். அன்று பின்னேரமே புது நுளம்பு வலை வந்தது. முற்றத்துச் சிரட்டைகள், பூச்சாடித் தட்டுகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டன. மறுநாள் காலை கழுத்தில் நான்கு தடிப்புகள்.

அடுத்த சந்தேகம் இறாலின் மீது விழுந்தது. இரண்டு வாரம் எனக்கு இறால் தடை. (அந்த இரண்டு வாரமும் வீட்டில் மற்ற எல்லோரும் இறால் சாப்பிட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) பாமசியில் வாங்கிய ஒவ்வாமைக் குளிசை நித்திரையைத் தந்தது; கடியை நிறுத்தவில்லை.

ஒரே கட்டிலில் என்னோடு படுக்கும் ராத்தாவின் உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை. "பூச்சி என்டா அவளையும் கடிச்சிருக்கணுமே" என்றார் உம்மா. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலைப் பிறகு வாசித்துத்தான் அறிந்துகொண்டேன். மூட்டைப்பூச்சி இருவரையும் கடித்திருக்கும். ஆனால் எல்லோருடைய தோலும் அதைக் காட்டுவதில்லை. சிலருக்கு அடையாளமே வராது. சிலருக்குக் கடித்துப் பல நாட்கள் கழித்துத்தான் தடிக்கும். ஆகவே தோலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கட்டிலைப் பார்க்க வேண்டும்.

நான் கட்டிலைப் பார்த்தது தற்செயலாக. ஒரு பின்னிரவில் கரண்ட் போய்விட்டது. போன் வெளிச்சத்தில் தலையணையைத் தூக்கியபோது, மெத்தை ஓரத்துத் தையலில் பேனா மை கசிந்தது போலக் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை பூச்சியின் கழிவு. அதாவது சமிபாடடைந்த எங்கள் இரத்தம். பக்கத்தில் வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தோல்கள். கட்டிலின் மூலைப் பொருத்தில் அதுவே இருந்தது, தட்டையாக, கபில நிறத்தில், அப்பிள் விதை அளவில். நசுக்கினேன். சத்தம் கேட்டு வந்த மூத்தம்மா இருட்டிலேயே மோந்து பார்த்து, "இது மூட்டப்பூச்சியெல்லா" என்றார். அவருடைய சின்ன வயதில் எல்லா வீட்டுப் பிரம்புக் கதிரையிலும் இருந்ததாம். பழைய தெரிந்தவரைக் கண்டது போலச் சிரித்தார்.

உம்மா சிரிக்கவில்லை. "மகள், இத ஆருக்கிட்டயும் செல்லிராத" என்றார். ராத்தாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஊத்தை வீடு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் என்னவாகும் என்ற பயம் அவருக்கு. கடையில் ஸ்பிரே ஒன்று வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு அடித்தோம். நான்கைந்து நாள் கடி இல்லை. போய்விட்டது என்று நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு மாமியின் தாயார் மௌத்தானார். தூர ஊர்களிலிருந்து சொந்தக்காரர் வந்து தங்கினார்கள். ஜனாஸா வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து பாயும் தலையணையும் மெத்தையும் போவது எங்கள் வழக்கம். எங்களிடமும் மெத்தை கேட்டார்கள். உம்மா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். கொடுக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே கொடுத்தோம்.

மூன்று வாரத்துக்குப் பிறகு மாமியின் சின்ன மகனின் கையும் முகமும் தடித்திருந்தன. சொறியாக இருக்கலாம் என்று ஒரு களிம்பு கொடுத்து, வீட்டில் எல்லோரும் பூச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொறி பெரும்பாலும் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் வரும். நித்திரையில் மூடாமல் கிடக்கும் கை, கழுத்து, முகம், கால்தான் மூட்டைப்பூச்சிக்கு வசதி. இது எனக்குத் தெரியும். மாமி எங்கள் குசினியில் இருந்து அந்தக் களிம்பின் விலையைச் சொல்லிக் கவலைப்பட்டபோது, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எங்கள் கட்டிலில் பூச்சி இருந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. அன்று பேசாமல் இருந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

சுத்தத்தை மார்க்கக் கடமையாகவே கற்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வீட்டில் பூச்சி என்றால் அது நமது குணத்தின் மீது விழுந்த கறை போலத் தோன்றுகிறது. ஆனால் மூட்டைப்பூச்சி அழுக்கைத் தின்பதில்லை. அதன் ஒரே உணவு இரத்தம். நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டையும் உடற்சூட்டையும் தேடித்தான் அது வருகிறது. பெரிய ஹோட்டல்களிலும் அது இருக்கிறது. சாமான்கள் குவிந்து கிடந்தால் ஒளிந்துகொள்ள இடம் கூடும், அவ்வளவுதான். அதற்குப் பறக்கவும் முடியாது, பாயவும் முடியாது. பயணப்பையிலோ பழைய தளபாடத்திலோ இரவல் மெத்தையிலோ ஏறித்தான் வரும். எங்கள் வீட்டுக்கு ராத்தாவின் விடுதிப் பையில் வந்ததா, வாப்பா அரை விலைக்கு வாங்கிய சோபாவில் வந்ததா என்று இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமியிடம் போய்ச் சொன்னேன். உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போகவில்லை. மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முதலே செல்லியிருந்தா நான் எல்லாரையும் பாயில படுக்க வெச்சிருப்பனே" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். உம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மாமி தன் வீட்டுக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார், தண்ணீர் கொதிக்க வைக்க.

இரண்டு வீட்டுக் கட்டில்களையும் முற்றத்தில் கழற்றிப் போட்டு, பொருத்துகளிலும் ஆணித் துளைகளிலும் கொதிநீர் ஊற்றினோம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் கொதிநீரில் ஊறின. 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டைப் பூச்சியும் தாங்காது, முட்டையும் தாங்காது. மெத்தையை வெறுமனே வெயிலில் போடுவதில் பெரிய பயனில்லை. பூச்சி நிழல் பக்கத்துக்கு நடந்து போய்விடும். எங்கள் மெத்தை மிக மோசமாக இருந்ததால் வீச வேண்டியதாயிற்று. அதைத் தெருவோரத்தில் அப்படியே வைத்தால் இன்னொரு ஏழை வீட்டுக்குப் போகும் என்று வாப்பா கத்தியால் கிழித்துத்தான் போட்டார். மாமி வீட்டு மெத்தையைத் தடித்த பொலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டி வைத்தோம். உணவில்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கக் கூடியது இந்தப் பூச்சி, ஆகவே அந்த உறை ஒரு வருடத்துக்குக் கழற்றப்படாது.

வாப்பா முதலில் வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கொண்டுவரப் பார்த்தார். அதற்கு மட்டும் நானும் உம்மாவும் ஒன்றாக எதிர்த்து நின்றோம். பயிருக்கான நஞ்சை நாம் மூச்சு விட்டு உறங்கும் இடத்தில் அடிப்பது உயிருக்கே ஆபத்து. நெல் மூட்டைக்குள் வைக்கும் குளிசையும் அப்படித்தான். அதிலிருந்து வரும் வாயு மூடிய அறையில் ஆளைக் கொல்லும். மண்ணெண்ணெய் ஊற்றினால் தீப்பிடிக்கும். சாதாரண ஸ்பிரேயை நம்பியும் இருக்க முடியாது. டீ.டீ.ரீ.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் 1947 இலேயே ஹவாயில் காணப்பட்டன. இலங்கையில் பிடித்துப் பரிசோதித்தவற்றிலும் இந்த எதிர்ப்புத் தன்மை இருக்கிறது. ஒரு முறையோடு விடவும் கூடாது. தப்பிய முட்டைகள் பத்து நாள் அளவில் பொரிக்கும்.

கடிக்கு நான் செய்தது அதிகமில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, சொறியாமல் இருக்கப் பழகினேன். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் போக வேண்டும். இந்தக் கடியால் நோய் தொற்றுவதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒருத்திக்கு இரண்டு மாத நித்திரை சின்ன இழப்பில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் தோழிகளுக்கு இது என்னை விட நன்றாகத் தெரியும். ஒருத்தியின் கட்டிலில் பூச்சி என்று தெரிந்ததும் மற்றவர்கள் கட்டிலை இழுத்துத் தள்ளிப் போடுவார்கள். அதைப் பார்த்த அடுத்தவள், தன் கட்டிலில் கண்டாலும் சொல்லமாட்டாள். பெற்றோரே, விடுமுறைக்கு வரும் பிள்ளையின் பையை அறைக்குள் கொண்டுபோகாமல் முற்றத்தில் திறந்து, உடுப்புகளை நேரே சுடுதண்ணீரில் போடுங்கள். அவளைக் குற்றவாளி போலப் பார்க்காமல் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கதையை எழுத வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சுடுதண்ணி எத்தன தரம் ஊத்தின என்டு போடல்லையே? மூணு தரம். அதையும் எழுது" என்றார்.