டி.வி.க்கு லீவு விட்ட நாடு

வாரத்தில் ஒரு நாள் டி.வி.யே கிடையாது என்று யாராவது சொன்னால் நம் ஊரில் என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு சண்டைதான்! ஆனால் ஐஸ்லாந்து என்ற குளிர் தேசத்தில் அப்படித்தான் இருந்தது, சகோதரிகளே.

அங்கே அரசாங்க டி.வி. 1966-ல் தொடங்கியது. வியாழக்கிழமை என்றால் ஒளிபரப்பு கிடையாது. ஜூலை மாதம் முழுக்க ஊழியர்களுக்கு விடுமுறை, டி.வி.யும் மூடிக் கிடக்கும். 1983-ல் ஜூலை லீவு போயிற்று, 1987-ல் வியாழன் லீவும் போயிற்று.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. தினமும் சாயங்காலம் 6 முதல் 7 மணி வரை டி.வி.யில் ஒன்றும் வராது. அம்மாக்கள் சின்னக் குழந்தைகளைத் தூங்க வைக்கட்டும் என்று விட்ட இடைவெளி அது! 1957 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள் தெரியுமா? விளம்பரத்தை நம்பி நடக்கும் தனியார் டி.வி. அங்கே 1955-ல் வந்தது. ஒரு மணி நேரம் சும்மா கிடந்தால் அவர்களுக்கு நஷ்டமாச்சே! ஐஸ்லாந்திலும் 1986-ல் தனியார் டி.வி. வந்து வியாழக்கிழமையும் நிகழ்ச்சி காட்டியது, அரசாங்க டி.வி. பின்னாலேயே போயிற்று.

எல்லா நாடும் அப்படி விட்டுக்கொடுத்துவிடவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று 1980-லிருந்து சட்டம் இருக்கிறது. சுவீடனிலும் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான டி.வி. விளம்பரத்துக்குத் தடை உண்டு. "அம்மா, அந்த பிஸ்கட் வாங்கித் தா" என்கிற நச்சரிப்பு அந்த அம்மாக்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்!

சென்னையில் 1975-ல் டி.வி. வந்த புதிதில் சாயங்காலம் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. அது முடிந்தால் பெட்டியை மூடிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். இப்போதோ விடிய விடிய ஓடுகிறது. போதாததற்குக் கையில் செல்போன் வேறு. யாரும் நமக்காக நிறுத்தப் போவதில்லை. வீட்டில் நாமேதான் நிறுத்தணும்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை டி.வி., செல்போன் இரண்டும் கிடையாது. சாப்பாடும் பேச்சும்தான். முதலில் என் மாமியாருக்கு மனசு ஒப்பவில்லை. "பகலெல்லாம் நீங்க ஆளுக்கொரு பக்கம் போயிடறீங்க. எனக்கு அதுதானேம்மா துணை?" என்றார். நியாயம்தானே? "அந்த ஒரு மணி நேரம் நாங்க எல்லாரும் உங்களுக்குத் துணை, அத்தை" என்றேன். இப்போது ஏழாவது படிக்கும் என் பையன், பாட்டியிடம் பழைய கதை கேட்டுக்கொண்டே இன்னொரு தோசை கேட்கிறான். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிடுகிறான். அத்தையின் சீரியலை மறுநாள் மத்தியானம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்லணும். இரண்டு வயது ஆகும் வரை டி.வி., செல்போன் காட்டவே வேண்டாம்; 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்ட நிலாவைக் காட்டினால் போதும்.

ஒரு நாள் முழுக்க முடியாவிட்டாலும் ஒரு மணி நேரம் முடியும். பெரியவர்களையும் கலந்து பேசி, உங்கள் வீட்டுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று பாருங்களேன்!