ஒரு மேளம்... ஒரே ஒரு மேனுவல்!

புதுசா ஒரு மிக்ஸி வாங்கினாக்கூட, கூடவே ஒரு குட்டிப் புத்தகம் வரும். எந்த பட்டனை அமுக்கினா என்ன ஆகும், எதையெல்லாம் செய்யவே கூடாதுன்னு விலாவாரியா போட்டிருப்பாங்க. நாம அதைப் பிரிச்சே பார்க்க மாட்டோம், அது வேற கதை! ஆனா, பொருள் மட்டும் பத்திரமா இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிஞ்சவங்க வாயை ஒரேயடியா அடைச்சுட்டா? அப்புறம் மேனுவலை யார்கிட்ட போய்க் கேட்கிறது?

இந்த வாரம் அப்படி மாட்டிக்கிட்ட ஒரு மேளத்தோட கதை. 330 வருஷமா யாருக்கோ சொந்தமா இருந்த மேளம். அதுக்குன்னு ஒரு மேனுவல் இருக்கு. ஆனா, எழுதினது மேளக்காரர் இல்லை... கோர்ட்!

மேப்பை எடுத்து ஐரோப்பாவோட உச்சந்தலையைப் பாருங்க. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து மூணோட வடக்குப் பகுதி, பக்கத்துலயே ரஷ்யாவோட கோலா தீபகற்பம். நாலு நாடு கோடு போட்டுப் பிரிச்சுக்கிட்டாலும், அங்கே காலங்காலமா வாழற பூர்வகுடிகளுக்கு அது ஒரே மண். அந்த மக்களோட பேர்... சாமி! நம்ம ஊர் சாமிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லீங்க. பேர் ஒத்துப்போனது தற்செயல்தான். ரெயின்டீர் மான் மேய்க்கிறது, மீன் பிடிக்கிறது, வேட்டையாடறது... இதுதான் அவங்களோட பழைய வாழ்க்கை.

சினிமாவுலயும் வீடியோ கேம்லயும் 'ஷாமன்'னு ஒரு கேரக்டர் பார்த்திருப்பீங்க. இறகுத் தொப்பி, கையில கோல், கண்ணுல மை. அந்த வார்த்தை சைபீரியாவுல இருக்கிற எவென்கி மக்களோட மொழிக் குடும்பத்துலேர்ந்து கிளம்பி, ரஷ்யா வழியா உலகத்தைச் சுத்தி வந்தது. சாமி மக்கள் தங்களோட ஆளுக்கு வெச்ச பேர் 'நோவாய்தி'. ஒருத்தர் நோயில விழுந்தா, அவரோட உயிர் எங்கேயோ வழிதவறிப் போயிருச்சுன்னு நம்பினாங்க. அங்கே போய் அதைக் கூட்டிக்கிட்டு வர்றதுதான் நோவாய்தியோட வேலை. போறதுக்கு வண்டி வேணுமே... அந்த வண்டிதான் மேளம்!

அந்த மேளத்தை ரெண்டு விதமா செஞ்சாங்க. மரச்சட்டத்தை வளையமா வளைச்சு அதுமேல தோல் இழுத்துக் கட்டறது ஒண்ணு. மரக்கட்டையைக் கிண்ணம் மாதிரி குடைஞ்சு அதுமேல தோல் கட்டறது இன்னொண்ணு. ரெண்டுக்குமே ரெயின்டீர் மான் தோல்தான். ஆல்டர்னு ஒரு மரம். அதோட பட்டையிலேர்ந்து வர்ற சிவப்புச் சாறை எடுத்து, தோல் முழுக்கப் படம் போடுவாங்க. சூரியன், மான், படகு, கூடாரம், தெய்வங்கள், மனுஷங்க... ஒரு முழு உலகமே ஒரு கைக்குள்ள அடங்கிடும். அடிக்கிறதுக்கு ரெயின்டீர் கொம்புல செதுக்கின சுத்தியல். கூடவே, பித்தளையிலயோ எலும்புலயோ செஞ்ச ஒரு சின்ன வளையம். செட் அவ்வளவுதான்.

இதை வெச்சு ரெண்டு வேலை நடந்திருக்கு. முதல் வேலை, குறி கேட்கிறது. வளையத்தைத் தோல் மேல வெச்சு மேளத்தைத் தட்டுவாங்க. அதிர்வுல வளையம் நகர்ந்து நகர்ந்து எந்தப் படத்துகிட்ட போகுது, எங்கே நிக்குது, எந்தப் படத்தைத் தொட மாட்டேங்குதுன்னு பார்ப்பாங்க. எந்தப் பக்கம் வேட்டைக்குப் போகலாம், வெளியூர் போனவர் எப்படி இருக்கார்னு அதை வெச்சு முடிவெடுப்பாங்க. இதுக்கு நோவாய்தியே வேணும்னு இல்லை. பல வீடுகள்ல குடும்பத் தலைவரே மேளம் வெச்சிருந்தார். நம்ம பாஷையில சொன்னா, வீட்டுக்கு ஒரு ஜி.பி.எஸ்!

ரெண்டாவது வேலை ரொம்ப சீரியஸானது. நோவாய்தி மேளம் அடிச்சுக்கிட்டே பாடுவார். சாமி மக்களோட அந்தப் பாட்டு வகைக்கு 'யொய்க்'னு பேர். அடி ஏற ஏற ஒரு கட்டத்துல அவர் மயங்கி விழுந்திடுவார். உடம்பு இங்கே, உயிர் பயணத்துல. அவர் திரும்பி வர்ற வரைக்கும் சுத்தி இருக்கிறவங்க காவல் இருக்கணும், பாடணும்.

இந்தச் சடங்கைப் பத்தின ரொம்பப் பழைய எழுத்து, 12-ம் நூற்றாண்டோட பிற்பகுதியில எழுதினதா பல அறிஞர்கள் கருதற 'ஹிஸ்டோரியா நார்வேஜியே'ங்கிற லத்தீன் நூல்ல இருக்கு. ஒரு விருந்துல ஒரு பொண்ணு திடீர்னு செத்த மாதிரி சாய்ஞ்சுடறா. ஒரு நோவாய்தி துணியை விரிச்சு, சல்லடை மாதிரி ஒரு பொருளைத் தூக்கிப் பிடிக்கிறார். அதுல திமிங்கிலம், வண்டி இழுக்கிற மான், துடுப்போட ஒரு குட்டிப் படகு எல்லாம் வரைஞ்சிருக்கு. அவர் ஆடிப் பாடி விழுந்து, அந்தப் பயணத்துலயே இறந்துபோறார்! ரெண்டாவது ஆள் கிளம்பிப் போய்த்தான் அந்தப் பொண்ணைத் திருப்பிக் கொண்டுவர்றார். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம் பாஸ். ஆனா, ஒண்ணு கவனிங்க. ஒரு பொண்ணுக்காக உயிரைப் பணயம் வைக்கிற வேலையா அந்த மக்கள் இதைப் பார்த்திருக்காங்க.

சரி, வில்லன் எப்போ வர்றார்?

17-ம் நூற்றாண்டு. ஐரோப்பா முழுக்க சூனியக்கார வேட்டை. வடக்கு நார்வேயோட ஃபின்மார்க் பகுதியில மட்டும் அந்த நூற்றாண்டுல 91 பேர் சூனியக் குற்றச்சாட்டுல கொல்லப்பட்டாங்க. வார்டோ ஊர்ல அவங்களுக்காக 2011-ல ஒரு நினைவிடமே திறந்திருக்காங்க. அந்தக் காலத்துல மேளம் வெச்சிருக்கிறதே சாத்தானோட சகவாசத்துக்கு அத்தாட்சி! ஸ்வீடன் பக்கம் ஆர்யப்லோக்ல லார்ஸ் நீல்சன்னு ஒரு சாமி பெரியவர். செத்துப்போன பேரனைத் திருப்பிக் கொடுங்கன்னு மேளம் அடிச்சு வேண்டினார். அதுக்காக 1693-ல அவரை எரிச்சுட்டாங்க. கூடவே அவர் மேளத்தையும், அவர் வணங்கின மரச் சிலைகளையும்!

எரிக்காம மிஞ்சினதைப் பிடுங்கினாங்க. 1700-களோட ஆரம்பத்துல தாமஸ் ஃபோன் வெஸ்டன்கிற மிஷனரி ஏகப்பட்ட மேளங்களைத் திரட்டி கோபன்ஹேகனுக்கு அனுப்பினார். 1728-ல அந்த ஊர்ல நடந்த பெரிய தீ விபத்துல அதுல பெரும்பகுதி சாம்பல். எர்ன்ஸ்ட் மங்க்கர்னு ஒரு ஸ்வீடன் ஆய்வாளர், மிச்சம் இருக்கிற மேளங்களைத் தேடித் தேடி 1938-லயும் 1950-லயும் ரெண்டு பெரிய தொகுதி போட்டார். அவர் கணக்குல தேறினது சுமார் 70 மேளம்தான். ஒரு பெரிய இனத்துக்கே மிச்சம் அவ்வளவுதான்!

இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம். பேர் ஆண்டர்ஸ் பவுல்சன். வயசான சாமி. 1691 டிசம்பர்ல இவரோட மேளத்தைப் பறிமுதல் பண்றாங்க. 1692 பிப்ரவரியில வாட்சோ ஊர்ல விசாரணை. மேஜை மேல மேளம். "இது என்ன, இது என்ன?"னு ஒவ்வொரு படமா கேட்கறாங்க. அவர் வரிசை வரிசையா சொல்றார். இது இடி, இது காட்டு மான், இது சூரியன், இது நிலா. அதோட நிக்கலை. இது ஏசு, இது மேரி மாதா, இது சர்ச், இவங்கல்லாம் சர்ச்சுக்குப் போறவங்க, கீழ இருக்கிறது நரகம்னு சொல்லிக்கிட்டே போறார். சிலுவைக் குறி போட்டு, ஜெபம் சொல்லி, மேளத்தை எப்படிப் பயன்படுத்தறதுன்னும் காட்டறார். இந்தக் கலையை யார் கத்துக்கொடுத்தான்னு கேட்டதுக்கு, அம்மான்னு சொல்றார். கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு உதவணும்னு ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டதா சொல்றார்.

என்ன தீர்ப்பு சொல்றதுன்னு அதிகாரிகளுக்கே குழப்பம். நார்வே அப்போ டென்மார்க் ராஜாவோட கையில இருந்தது. அதனால, கோபன்ஹேகனுக்கு எழுதிக் கேட்கலாம்னு வழக்கை நிறுத்தி வெச்சாங்க. பதில் வர்றதுக்குள்ள, காவல்ல தூங்கிக்கிட்டு இருந்த பவுல்சனை, மனநிலை சரியில்லாத ஒருத்தர் கோடரியால வெட்டிக் கொன்னுட்டார். கேஸ் குளோஸ். மேளம் மட்டும் கோபன்ஹேகன் போய், ராஜாவோட அபூர்வப் பொருள் கலெக்‌ஷன்ல உட்கார்ந்துக்கிச்சு.

இன்னிக்கு இருக்கிற பழைய சாமி மேளங்கள்ல, சொந்தக்காரரே படம் படமா விளக்கம் சொல்லி, அது எழுத்துல பதிவானது ரொம்பச் சிலதுக்குத்தான், அதுல இது ஒண்ணு. ஆய்வாளர்களுக்கு அந்த விசாரணைக் குறிப்பு தங்கச்சுரங்கம். ஆனா, யோசிச்சுப் பாருங்க. வைவாவுல எக்ஸ்டர்னல் முன்னாடி நாம சொல்ற பதிலும், அதே கேள்விக்கு ஹாஸ்டல் ரூம்ல ஜூனியருக்குச் சொல்ற பதிலும் ஒண்ணாவா இருக்கு? நமக்குப் போறது மார்க்தான். அவருக்குப் போக இருந்தது தலை!

அதனாலதான் ஆய்வாளர்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு. உயிரைக் காப்பாத்திக்க, பழைய தெய்வங்களுக்கு ஏசு, மேரின்னு பேர் மாத்திச் சொன்னார்ங்கிறது ஒரு கட்சி. இல்லை, அந்தக் காலத்துலயே சாமி மக்கள் ரெண்டு நம்பிக்கையையும் கலந்து வாழ்ந்தாங்க, அவர் சொன்னது நிஜம்ங்கிறது இன்னொரு கட்சி. இன்னொரு முடிச்சும் இருக்கு. மேளம் பக்கமே பொண்ணுங்க வரக் கூடாதுன்னு மிஷனரிகள் எழுதி வெச்சிருக்காங்க. ஆனா, இங்கே ஒருத்தர், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான்ங்கறார். வெளியில நின்னு எழுதினவங்க குறிப்புல எவ்வளவு விட்டுப்போயிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

மேளத்தோட கதை அங்கேயே முடியலை. 1979-லேர்ந்து நார்வேயில இருக்கிற காரஷோக் ஊரோட சாமி மியூசியத்துல அது இருந்தது. ஆனா, கடனா! பொருள் சாமி மண்ணுல, சொந்தக்காரர் டென்மார்க் தேசிய மியூசியம். பாட்டி நகையை அடகுக் கடையில இரவல் வாங்கிப் போட்டுக்கிட்ட மாதிரி. நார்வே சாமி நாடாளுமன்றத்தோட அப்போதைய தலைவர் ஐலி கெஸ்கிதாலோ, 2021-ல டென்மார்க் ராணிகிட்டயே கோரிக்கை வெச்சார். 2022 ஜனவரியில, மேளத்தை முழுசா சாமி மக்களுக்கே கொடுத்துடறதுன்னு முடிவாச்சு. பறிமுதல் பண்ணி 330 வருஷம் கழிச்சு!

'இதுல என்ன இருக்கு, மேளம் எங்கே இருந்தா என்ன?'ன்னு கேட்கலாம். பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் பெரிய மியூசியத்துல சூப்பரா இருக்கும். அதுவும் நிஜம்தான். தீயில போன மேளங்களை நினைச்சா, இது தப்பிச்சதே பெரிய விஷயம். ஆனா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரு கருவியோட உடம்பு மட்டும்தான். எப்போ எடுக்கணும், யார் கேட்டா அடிக்கணும், அடிக்கும்போது பக்கத்துல யார் பாடணும்... இதெல்லாம் மரத்துலயும் தோல்லயும் இல்லை. ஆள்கிட்ட இருக்கு. ஆளைத் துரத்திட்டுப் பொருளைப் பாதுகாத்தா, கடைசியில கையில மிஞ்சறது டிஸைன் மட்டும்தான்.

அந்த டிஸைனுக்கு இன்னிக்கு செம மார்க்கெட்! அமெரிக்க மானுடவியலாளர் மைக்கேல் ஹார்னர் 1980-ல எழுதின ஒரு புத்தகத்துக்கு அப்புறம், மேளம் அடிச்சு மனசால பயணம் போறதை யார் வேணா கத்துக்கலாம்னு வகுப்புகள் பெருகிடுச்சு. வார இறுதிப் பயிற்சி, மேளம், குச்சி, எல்லாமே காசுக்குக் கிடைக்குது. அதுல சிலருக்கு நிம்மதி கிடைச்சா நாம யாரு கேள்வி கேட்க? ஆனா, அந்த மேளத்தை வெச்சிருந்த குத்தத்துக்காக ஒருத்தர் தாத்தாவை எரிச்சிருக்காங்க, இன்னொருத்தர் வீட்டுல பயந்து மறைச்சு வெச்சிருந்தாங்கங்கிறது தெரியாம அடிக்கிறதுக்கும், தெரிஞ்சு அடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா?

சாமி மக்களும் சும்மா உட்காரலை. அவங்க கைவினைக்கலைக்கு 'டுவோஜி'ன்னு பேர். அதுல தேர்ந்தவங்க இன்னிக்கு மறுபடியும் மேளம் செய்யறாங்க. ஒரு காலத்துல பாவம்னு சொல்லித் தடுத்த யொய்க், இன்னிக்கு மேடையில ஒலிக்குது. பழைய மேனுவலை வரிக்கு வரி மீட்க முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். அதுக்காக நிறுத்திட முடியுமா? பவுல்சனுக்கு அவங்க அம்மா சொல்லிக் கொடுத்தப்போ பேப்பர்ல எழுதியா கொடுத்திருப்பாங்க? பக்கத்துல உட்கார வெச்சு, கையைப் பிடிச்சுத்தான் கத்துக்கொடுத்திருப்பாங்க.

அதனால, மக்களே... உங்க வீட்டுப் பரண்ல, ஊர்ப் பெரியவர் கையில, என்னன்னே புரியாத ஒரு பொருள் இருந்தா, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. பக்கத்துல உட்கார்ந்து, "இதை எப்படிப் பயன்படுத்துவீங்க?"ன்னு கேளுங்க. விசாரணை மாதிரி இல்லாம, பேரன் பேத்தி மாதிரி கேளுங்க. அப்போ வர்ற பதில்தான் உண்மையான மேனுவல்!

அடுத்த வாரம் வேற ஒரு பொருளோட வர்றேன். அதுவரைக்கும்... டாட்டா!