வண்டி சிறிது, வீடு பெரிது!

அமெரிக்காவில் ஒரு விந்தையான வீடு உண்டு. அதற்கு நிலம் வேண்டாம். பிக்கப் லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்து கொள்ளும். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். இதற்கு "டிரக் கேம்பர்" என்று பெயர்.

நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் இப்படி ஒரு வண்டியில்தான் அமெரிக்காவைச் சுற்றினார். கூட வந்தது ஒரு நாய். அதற்கே அவர் முக்கால் டன் லாரி வாங்கினார்!

இன்று சிலர் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். லாரியோ சிறியது. இது சரியா? சரியல்ல என்பதே நம் கருத்து.

கதவில் இருக்கும் கணக்கு

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு லாரிகளுக்குக் கூட இந்த எண் மாறும்.

சீட்டில் 700 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூண்டு வீட்டின் எடை 550 கிலோ. "இன்னும் 150 கிலோ மிச்சம்" என்று மகிழ்ந்துவிடலாமா?

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள்: 200 கிலோ. தண்ணீர் 100 லிட்டர்: 100 கிலோ. கியாஸ், பாத்திரம், படுக்கை: 80 கிலோ. மொத்தம் 930 கிலோ! 230 கிலோ அதிகம்.

விளம்பரத் தாளில் போடுவது பெரும்பாலும் காலி வீட்டின் எடை. காலி வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

நீளமும் வேண்டும்

லாரியின் பின்தொட்டி ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று பல நீளங்களில் வருகிறது. எட்டடித் தொட்டிக்குச் செய்த வீட்டை ஐந்தரை அடித் தொட்டியில் வைத்தால், பாரம் பின் அச்சுக்கும் பின்னால் போய்விடும். முன் சக்கரங்கள் லேசாகும். திருப்பினால் வண்டி சரியாகத் திரும்பாது.

"கூடுதலாக ஸ்பிரிங் போட்டால் போதும்" என்பார்கள். ஸ்பிரிங் போட்டால் வண்டியின் பின்பக்கம் நிமிரும். பிரேக்கும் டயரும் அச்சும் பழைய பலத்தில்தான் இருக்கும். ராக்கி மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பது குழந்தைகள் அல்லவா?

யார் பொறுப்பு?

எவ்வளவு பாரம் ஏற்றலாம், அதன் நடுப்புள்ளி எங்கே விழவேண்டும் என்பதை லாரிக் கம்பெனிகள் வாங்குகிறவருக்குச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு அமெரிக்க அரசு விதி செய்துவிட்டது. நல்ல விதிதான். ஆனால் எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. விற்பவர் குடும்பத்தையும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

வாங்குகிறவரும் முதலில் வீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும்; பிறகு அதைத் தாங்கும் லாரியைத் தேடட்டும். புறப்படுமுன் எல்லாவற்றையும் ஏற்றி, எடைமேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்க்கட்டும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். இவர்கள் ஏற்றுவது மயிலிறகு அல்ல, ஒரு வீடு!