பச்சைப் போத்தலும் பச்சைக் குறியும்

வீட்டுக்கு வந்தவரை அமரச் செய்து, தேசிக்காய் ஒன்றைப் பிழிந்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் கலக்கிக் கொடுப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். அந்த இடத்தை இன்று போத்தல் பிடித்துக்கொண்டது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் நெடுஞ்சாலையில், அக்குறணைக் கடைத்தெருவில், குளிர்பானம் விற்காத பலசரக்குக் கடையைக் காண்பது அரிது. அது போதாதென்று, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருவோரின் பெட்டிகளிலும் புதுப்புதுச் சுவைகள் வந்து இறங்குகின்றன. அவ்வாறு வந்தவற்றுள் ஒன்றுதான் எலுமிச்சை, தேசி, தோடை ஆகியவற்றின் சுவை சேர்த்த கோலா.

சென்ற நோன்புப் பெருநாளன்று எமது வீட்டிலும் இதைப் பற்றியே பேச்சு. மருமகன் கொண்டுவந்த பேணிகள் மேசைமீது வரிசையாக இருந்தன. "வெறுங் கோலாவைக் காட்டிலும் இது மேல், குடித்த பின் திகட்டுவதில்லை" என்றனர் இளையோர். மச்சான் ஒருவரோ ஒரு மிடறு அருந்திவிட்டு, "கோப்பை கழுவும் சவர்க்காரத்தின் வாசம் அல்லவா அடிக்கிறது!" என்று முகத்தைச் சுளித்தார்.

இரு சாராரும் சொன்னதில் உண்மை உண்டு. தோடை, எலுமிச்சை முதலியவற்றின் தோலில் ஓர் எண்ணெய் உளது. அதில் மிகுந்திருப்பது லிமோனீன் என்னும் பொருள். பானத்துக்கு மணமூட்டுவதும் அதுவே. கழுவும் திரவங்களுக்கு மணமூட்டுவதும் பெரும்பாலும் அதுவே. இளையோர் கூறிய திகட்டாமைக்குக் காரணம் புளிப்பு. புளிப்பு கூடும்போது, இனிப்பு குறைந்துவிட்டது போல நாவுக்குத் தோன்றும். குறைந்தது போலத் தோன்றுமேயன்றி, குறைவதில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மேலும், கோலாவும் எலுமிச்சையும் புதிய உறவினர் அல்லர். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1886ஆம் ஆண்டு ஜோன் பெம்பர்டன் என்னும் மருந்து வணிகர் கொக்கா கோலாவை உருவாக்கினார். கோலாவின் சுவைக்கு அடிப்படையே இத்தகைய பழத்தோல் எண்ணெய்களும் கறுவா, வனிலா போன்ற வாசனைகளுந்தாம். ஜெர்மனியில் தோடைப் பானத்தையும் கோலாவையும் கலந்து குடிக்கும் பழக்கம் பழையது; அவுக்ஸ்புர்க் நகரின் 'ஸ்பெட்சி' என்னும் பெயர் 1956ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. அதே நாட்டில் கொக்கா கோலா நிறுவனம் 1973இல் 'மெசோ மிக்ஸ்' என்பதைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2001இல் எலுமிச்சை, 2005இல் தேசி, 2019இல் தோடையும் வனிலாவும் என்று கோலாவுக்குப் புதுச்சுவைகள் வந்தன. அவற்றுட் சில சில ஆண்டுகளிலேயே கடையை விட்டு மறைந்தும் போயின. ஆகவே புதுமை பெரும்பாலும் உறையில் இருக்கிறதேயொழிய உள்ளே இல்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம்.

எமது மூத்த சகோதரிக்குப் பல ஆண்டுகளாகச் சீனி வியாதி. தேநீரையும் சீனியின்றியே அருந்துவார், கோலாவைத் தொட்டதில்லை. பெருநாள் சாப்பாட்டிலும் வட்டிலப்பத்தைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தவர் அவர். அத்தகையவர் அந்தப் பேணியைக் கையிலெடுத்துப் பார்த்தார். பச்சை நிறம், அதன்மேல் இரண்டாக வெட்டிய தேசிக்காயின் படம். "இது தேசிக்காய்த் தண்ணீர் மாதிரித்தானே, தம்பி? எனக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடு" என்றார். நாமும் ஊற்றினோம். நன்றாயிருக்கிறது என்றதும் மறுமுறையும் ஊற்றினோம். ஊருக்கு உபதேசம் எழுதும் கைதான் அது!

மாலையில் ராத்தாவுக்குத் தலை சுற்றியது. விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அவர் பல மாதங்களாகக் காணாத உயரத்தில் நின்றது கணக்கு. இரவு முழுவதும் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. விடியுமுன் அது இறங்கியது, இறைவனுக்கு நன்றி.

அதன் பிறகே பேணியின் பின்புறத்துச் சிற்றெழுத்தை வாசித்தோம். எலுமிச்சை சேர்ந்ததால் சீனி குறைந்திருக்கவில்லை. சாதாரணக் கோலா 330 மில்லிலீற்றர் பேணி ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சீனி உண்டு. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று கொண்டால் ஏழு கரண்டி! தேநீரில் ஒரு கரண்டியையும் மறுத்தவருக்கு நாம் ஏழு கரண்டியை அன்போடு வார்த்துக் கொடுத்தோம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு குளிர்பானங்களுக்கு நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. மேற்சொன்ன 35 கிராமை இவ்வாறு வகுத்தால் பத்தரைக்குச் சற்று மேல் வரும். அதாவது, மயிரிழையில் சிவப்பிலிருந்து தப்பிச் செம்மஞ்சளில் நிற்கும். எனவே நிறத்தோடு நின்றுவிடாமல் எண்ணையும் வாசிப்பது நன்று. பிற நாட்டிலிருந்து பெட்டியில் வருபவற்றில் நம் நிறக்குறி இராது. அங்கே எண் ஒன்றே துணை. சீனியே இல்லாத கோலா வகைகளும் உண்டு. அதனையும் சிற்றெழுத்தே சொல்லும், படம் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போத்தலின் பச்சை வேறு, குறியின் பச்சை வேறு என்பதை வீட்டில் முதியோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

புதுச்சுவையை வெறுக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. பிள்ளைகள் பெருநாளுக்கு ஒரு பேணியைப் பகிர்ந்து குடிப்பதைத் தடுக்கவும் நாம் வரவில்லை. தேசிக்காய்த் தண்ணீரிலும் நான்கு கரண்டி சீனி போட்டால் அதுவும் அதே கதைதான். ஆயினும் அங்கே கரண்டி நம் கையில் இருக்கிறது. வேண்டியவருக்கு ஒன்று போடலாம். ராத்தாவுக்கு உப்பு மட்டும் போடலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருமகன் மீண்டும் வந்தான். பெட்டி எதுவும் கொண்டுவரவில்லை. நேரே சமையலறைக்குள் சென்று, தேசிக்காய் இரண்டைத் தானே வெட்டிப் பிழிந்து, மாமியிடம் கொடுத்தான். ராத்தா கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். விதை ஒன்று மிதந்தது. "இதுதான் தேசிக்காய்" என்று சிரித்தவாறே குடித்தார்.