வாலாட்டினால் பாசமா? தலையாட்டினால் சம்மதமா?



"யார்கிட்ட வந்து வாலாட்டுற?"

ஊரில் ஒருத்தன் பெரிய மனுஷனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், இந்த அதட்டல் வந்துவிடும். சரி, அதே ஆள் கேள்வியே கேட்காமல் கைகட்டி நின்றால் என்ன பேச்சு வரும்? "அவரு பின்னாடி வாலாட்டிட்டுத் திரியறான்." கேட்டாலும் வாலாட்டல், பணிந்தாலும் வாலாட்டல்! ஒரே சொல்தான். ரெண்டு பக்கமும் அடி வாங்குவது கீழே நிற்கிறவன்.

ஆட்டுவது சின்ன அசைவு. ஆனால் யார், யார் முன்னால் ஆட்டுகிறார் என்று பார்த்தால்தான் அதன் அர்த்தம் புரியும்.

முதலில் நாயை எடுத்துக்குவோம். "வாலாட்டுது பாரு, கடிக்காது, கிட்ட போ" என்று குழந்தைகளிடம் சொல்கிறோம். இது ஆபத்தான பேச்சு. உடம்பே குழைந்து, இடுப்போடு சேர்ந்து வால் தளர்வாக வீசினால் அது சந்தோஷம். வாலைக் கம்பி மாதிரி விறைப்பாகத் தூக்கி, படபடவென்று ஆட்டினால் அது எச்சரிக்கை. வாலைத் தாழ்த்தி, காலுக்கு நடுவில் செருகி, நுனியை மட்டும் ஆட்டினால் அது பயம். பயந்த நாயும் கடிக்கும். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துப் பார்த்தார்கள். வளர்த்தவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் கூடுதலாக வீசியது. முரட்டுத் தோரணையில் நிற்கும் முன்பின் தெரியாத நாயைக் கண்டதும் இடப்பக்கம் சாய்ந்தது. பூனை வாலை விசுக் விசுக்கென்று அடித்தால் "என்னைத் தொடாதே" என்று அர்த்தம். மாடு வாலை வீசுவது பெரும்பாலும் ஈ விரட்ட.

வாயில்லா ஜீவனின் வாலிலேயே இத்தனை பாஷை இருக்கு. மனுஷனுக்கு வால் இல்லை, தலை இருக்கு. நம்ம ஊர்த் தலையாட்டலைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் முழிப்பார்கள். "சரி", "கேட்டுக்கிட்டு இருக்கேன்", "பார்ப்போம்", "ஆளை விடுங்க சாமி" – எல்லாம் ஒரே ஆட்டலில் வரும். நாம் கேட்க விரும்புவது இதுதான்: அதிகாரத்தின் முன்னால் நம் மக்கள் ஆட்டும் தலைக்கு என்ன அர்த்தம்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேகமாகச் சொல்லி முடித்து "புரிஞ்சுதா?" என்கிறார். பாட்டி தலையாட்டுகிறார். வெளியே வந்து மருந்துக்கடைத் தம்பியிடம், "இதை எப்பப்பா சாப்பிடணும்?" என்று கேட்கிறார். "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கூடத்தில் பத்துப் பேர் முன்னால் கேட்கிறார்கள். குனிந்த தலை லேசாக அசைந்தால் கல்யாணம் முடிவாகிவிடுகிறது. கிராம சபையில் தீர்மானத்தைக் கடகடவென்று வாசிக்கிறார்கள். பாதிப் பேர் காதில் விழவே இல்லை. தலைகள் ஆடுகின்றன, நோட்டில் கையெழுத்து விழுகிறது, "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதியாகிவிடுகிறது. இதில் எத்தனை ஆட்டல் சம்மதம், எத்தனை ஆட்டல் காலுக்கு நடுவில் செருகிய வால்?

தலை ஏன் அப்படி ஆடுகிறது? எதிரே ஒரு விரல் ஆடுவதால்தான்.

மனு கொடுக்க வந்த 70 வயதுப் பெரியவர் நின்றுகொண்டிருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் பேரன் வயசு. "போன வாரமே சொன்னேன்ல?" என்று ஆள்காட்டி விரல் ஆடுகிறது. அந்தப் பெரியவர் பதிலுக்கு ஒரு தடவை விரல் நீட்டிப் பேசட்டும் பார்ப்போம்! "விரலை மடக்கிப் பேசு" என்று உடனே வரும். விரலாட்டும் உரிமை நம் சமூகத்தில் மேலிருந்து கீழேதான் பாய்கிறது. பள்ளியில் பிரம்பு எடுத்தால்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதோடு சேர்த்து மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நாற்பது பிள்ளைகள் முன்னால் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி, முகத்துக்கு நேரே விரலாட்டி அவமானப்படுத்துபவர்கள் இதையும் படிக்கட்டும்.

"அப்போ கண்டிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். கண்டிக்கலாம். ரோட்டுக்கு ஓடும் பிள்ளையைப் பார்த்து அம்மா விரலாட்டினால் அது அக்கறை. அந்தப் பிள்ளை அம்மாவிடம் எதிர்த்துப் பேசும், அழும், அடுத்த நிமிஷம் மடியில் ஏறி உட்காரும். வித்தியாசம் அங்கேதான் இருக்கு. பதில் சொல்ல இடம் கொடுத்தால் கண்டிப்பு. வாயை அடைத்தால் மிரட்டல்.

நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மனுவோடு வருபவரை முதலில் உட்கார வையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டு, "என்ன புரிஞ்சுது, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். கிராம சபை வருஷத்தில் 6 நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும். கேள்விக்கு நேரம் கொடுக்கட்டும். கையை உயர்த்தச் சொல்லி எண்ணட்டும். அதுவரை நீங்களும் நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இது கட்சிக் கூட்டங்களுக்கும் சேர்த்துத்தான். மேடையில் இருப்பவர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டும் தொண்டனால் எந்தக் கட்சியும் உருப்படாது.

"தலையாட்டிப் பொம்மை" என்று ஒருவரைத் திட்டுகிறோமே, அந்தத் தஞ்சாவூர்ப் பொம்மையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடும், சாயும், கடைசியில் நிமிர்ந்து நிற்கும். கனம் அடியில் இருக்கும்வரை அதை யாராலும் படுக்கவைக்க முடியாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1962 தேர்தலில் இருந்து வாக்காளர் விரலில் அழியாத மை வைக்கிறார்கள். எந்த விரல்? இடது கை ஆள்காட்டி விரல். நம்மை மிரட்ட ஆடுவதும் ஆள்காட்டி விரல்தான். அதிகாரிக்கும் ஒரு விரல், அவர் முன்னால் நின்ற பெரியவருக்கும் ஒரு விரல், ரெண்டுக்கும் ஒரே மை.

தலையை ஆட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "வாலாட்டுறியா?" என்று எவராவது அதட்டினால், "இல்லைங்க, கேள்வி கேட்கிறேன்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.

#தலையாட்டல்_சம்மதமல்ல
#விரலை_மடக்குங்கள்