கடைசி நாற்பது கிலோமீட்டர்

நூறு கிலோ எடையுள்ள ஒற்றைச் சாமானை, வாங்கிய ஊரிலிருந்து நம் ஊர் வாசலுக்கு நியாயமான கூலியில் கொண்டுவர இன்றைக்கு வழி கிடையாது. இதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “செல்போனில் தட்டினால் எல்லாம் வீட்டுக்கே வருதே தாத்தா” என்கிறார்கள். வருகிறதுதான். செருப்பு வருகிறது, மிக்ஸி வருகிறது, புடவை ஒன்று பெரிய அட்டைப்பெட்டியில் வருகிறது. குட்டி யானை எஞ்சின் ஒன்று வருமா, பாருங்கள் என்றேன். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

குட்டி யானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினாற்போல் 702 சி.சி.யில் இரண்டே சிலிண்டர். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை கொண்டுபோவதும் அதுதான், கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் கொண்டுபோவதும் அதுதான். நம் பக்கத்தில் ஒரு வண்டியை வைத்து ஒரு குடும்பம் பிழைக்கிறது. வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும்.

என் தங்கை மகன் வண்டி போன வருடம் அறுவடை சமயத்தில் நின்றது. எஞ்சின் சீஸ். கிராங்க் போய்விட்டது, பிளாக்கிலும் விரிசல், லேத் பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். புது எஞ்சின் கட்டுப்படியாகாது. விசாரித்ததில் கோவையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய நல்ல எஞ்சின் 38,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கியர்பாக்ஸோடு எடை போட்டால் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். “எப்படி மாமா கொண்டுவரது?” என்று என்னிடம் வந்தான். ரயில்வே பார்சல் ஆபீசில் 29 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குத் தெரியாத வழியா என்று நினைப்பு.

கணக்கைச் சொல்கிறேன். கோவையில் கடையிலிருந்து லாரி பார்சல் ஆபீஸ் வரை ஆட்டோ 500, ஏற்றுகூலி 200. கோவையிலிருந்து விழுப்புரம் வரை லாரி வாடகை 950. விழுப்புரம் குடோனில் இறக்கி எடுக்க 300. அங்கிருந்து சிங்கவரம் வர இன்னொரு குட்டி யானை 1,900. வீட்டு வாசலில் இறக்க 400. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நெடுவழிக்கு 950 ரூபாய். கடைசி நாற்பது கிலோமீட்டருக்கு மட்டும் 2,600.

இதில் லாரிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. 950 ரூபாய் நியாயமான கூலி. அவர்களுடைய லாரியில் பத்து டன் சரக்கோடு நம் நூறு கிலோவும் ஒரு மூலையில் வருகிறது, அதனால் கட்டுப்படியாகிறது. தூரம் ஒரு செலவே இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் ரகசியம். தூக்கி வைப்பதும் இறக்கி வைப்பதும், பெரிய ஊரில் விட்டுப்போனதைச் சின்ன ஊருக்கு இழுத்து வருவதும்தான் செலவு. அந்தச் செலவைக் குறைக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

“முழு வண்டியே பிடித்து வந்திருக்கலாமே” என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்டோம். போகவர எழுநூறு கிலோமீட்டர், 12,000 கேட்டார்கள். எஞ்சின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு பக்கம் வண்டி காலியாக ஓடும், அதற்கும் நாம்தான் டீசல் போட வேண்டும். வசதி உள்ளவர்கள் சொல்கிற யோசனைகள் எப்போதும் இப்படித்தான் இருக்கும். தபாலில் அனுப்பலாமே என்றார் இன்னொருவர். ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோதான் வரம்பு. எஞ்சினை மூன்றாக அறுத்தால் போகும்.

ரயிலுக்கு வருவோம். எங்கள் காலத்தில் பார்சல் என்றால் ரயில்தான். என் அப்பா கிணற்றுக்கு வாங்கிய 5 குதிரைசக்தி ஆயில் எஞ்சின் திண்டிவனம் ஸ்டேஷனில்தான் வந்து இறங்கியது. நாலு போர்ட்டர்கள் உருளைக்கட்டை போட்டு மேடையில் உருட்டி வந்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். வண்டி ராத்திரி முழுக்க நடந்து, விடியும்போது சிங்கவரம் மலை தெரிந்தது. எஞ்சின் வந்து இறங்கியதும் அம்மா கற்பூரம் காட்டினார், பிறகு ரங்கநாதர் கோயிலுக்குப் படியேறிப் போய்வந்தோம். குடைவரைக்குள் படுத்திருக்கும் அந்தப் பெருமாளும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாத கனம்தான், அது வேறு விஷயம்.

இப்போது என்ன நிலை? பயணிகள் ரயிலின் எஸ்.எல்.ஆர். பெட்டியில் பக்கத்துக்கு சுமார் 4 டன் சரக்கு ஏற்றலாம். அந்த இடத்தை ஒப்பந்தக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடும் பழக்கம் வந்தபிறகு, தனி ஆள் கவுன்டருக்கு வந்து ஒரு சாமானைப் புக் செய்வது அபூர்வமாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் மீன் பெட்டி, துணி பேல் என்று மொத்தமாக ஏற்றுகிறார். அவருக்கு ஒற்றை எஞ்சின் எதற்கு? திண்டிவனத்தில் பெரும்பாலான ரயில்கள் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கின்றன. அதற்குள் நூறு கிலோவை இறக்க யார் இருக்கிறார்கள்? ரயில்வேயில் சம்பளம் வாங்கிச் சாப்பிட்டவன் நான், இப்போது பென்ஷனும் வாங்குகிறேன். ஆனாலும் சொல்கிறேன்: சில்லறைப் பார்சலை ரயில்வே கைகழுவிவிட்டது.

செஞ்சிக்கு அந்தத் திண்டிவனமும் 28 கிலோமீட்டர். திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை புதுப் பாதை, சுமார் 70 கிலோமீட்டர், 2006-07 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அன்றைக்குப் பிறந்த பிள்ளை ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டது. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பேப்பரில் தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு வருடாந்திரச் சடங்கு, திவசம் மாதிரி.

2025 ஜூலையில் நம் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது நம்முடையது ஒன்றுதான். சந்தோஷம். பார்க்க வருகிறவர்களுக்கு வசதி செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறதே, அதையும் பார்ப்பார்கள். கிரேன் இல்லாத காலத்தில் அதை மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்த மலை அடிவாரத்தில் இருக்கிற நம்மால் ஒரு எஞ்சினை விழுப்புரத்திலிருந்து கொண்டுவர 2,600 ரூபாய் இல்லாமல் முடியவில்லை.

நான் கேட்பது ரயில்கூட இல்லை. பஸ். பழைய பஸ்களுக்குப் பின்னால் ஏணி இருந்தது, கூரையில் கேரியர் இருந்தது, நினைவிருக்கிறதா? அரிசி மூட்டை, சைக்கிள், கட்டில், கோழிக்கூடை எல்லாம் அதில் ஏறிப் போயின. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், கதை முடிந்தது. கேரியர் போனது, வேகம் வந்தது. சரி. ஆனால் போன இடத்துக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் நம் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் பார்சல் சேவை என்று ஒன்றைத் தொடங்கியது. சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களுக்கிடையே, 80 கிலோ வரை. நல்ல காரியம்தான், ஆனால் யாருக்கு? பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவில் ஏற்கெனவே நூறு லாரி ஓடுகிறது, 950 ரூபாய்க்கு வேலை முடிகிறது. சேவை இல்லாத இடம் விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில். அந்த வழியில் நாள் முழுக்க அரசு பஸ் ஓடுகிறது, மத்தியானத்தில் பாதி சீட் காலி. 80 கிலோ என்ற வரம்பும் யார் கணக்கோ தெரியவில்லை. தக்காளிக் கூடைக்குச் சரி. எஞ்சின், மோட்டார், மாவு மிஷின் என்று பிழைப்புக்கு வேண்டிய சாமான் எதுவும் அந்த எடைக்குள் அடங்காது.

பஸ்ஸில் எஞ்சின் ஏற்றினால் ஆயில் ஒழுகும், பயணிகளுக்கு ஆபத்து என்பார்கள். பயணிகள் பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது? தெலங்கானா போக்குவரத்துக் கழகம் 2020-இல் சரக்குச் சேவை தொடங்கியபோது, ஓடித் தேய்ந்த பழைய பஸ்களையே சரக்கு வண்டிகளாக மாற்றியது. கர்நாடகம் 2021-இல் ‘நம்ம கார்கோ’ என்று ஆரம்பித்தது. நம் டெப்போக்களில் பழைய பஸ்ஸுக்குப் பஞ்சமா? மாவட்டத் தலைநகரிலிருந்து தாலுகா ஊர்களைச் சுற்றி வர தினம் ஒரு சரக்கு பஸ், ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் ஒரு பார்சல் அறை, தூக்க ஒரு செயின் பிளாக். இவ்வளவுதான். 2,600 ரூபாய் 500 ஆகிவிடும்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. எங்கள் எஞ்சினை லாரியிலிருந்து இறக்கும்போது பலகையில்லாமல் தரையில் போட்டிருக்கிறார்கள். ஆயில் சம்ப் உள்ளே அமுங்கிவிட்டது. பார்க்கச் சின்ன நசுங்கல். ஆனால் சம்ப் அடியில்தான் ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெயினர் இருக்கிறது, தகடு அதை முட்டினால் ஆயில் ஏறாது, ஓட்டிய சில நாளில் பேரிங் பிடித்துக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் எங்கள் மெக்கானிக் கண்டுபிடித்தார், பிழைத்தோம். பார்சல் கம்பெனியில் போய்க் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: ‘ஓனர்ஸ் ரிஸ்க்’.

அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2007-ஆம் வருடத்திய சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதமானால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் மதிப்பைக் கூடுதலாக எழுதிக் கொடுத்து அதற்கான கட்டணத்தையும் கட்டாவிட்டால், 2011 விதிகளின்படி பொறுப்பு வாடகையைப்போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். 38,000 ரூபாய் எஞ்சின் தூள்தூளானாலும் 9,500-க்கு மேல் பேச முடியாது. வழக்குப் போடுவதென்றால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இதையெல்லாம் புக்கிங் கவுன்டரில் எந்தக் குமாஸ்தாவும் சொல்வதில்லை. தமிழில் ஒரு போர்டு எழுதி மாட்ட என்ன செலவாகும்? நான் வேலையில் இருந்தபோது மதிப்பு எழுதாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பி எழுதி வாங்கியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அனுப்பப் போகிறவர்கள் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் சுத்தமாக வடித்துவிடுங்கள். டர்போ, இன்ஜெக்டர் எது இருந்தாலும் துவாரங்களைத் துணி வைத்து அடையுங்கள். மரச்சட்டம் அடித்து, மவுன்டிங் போல்ட்டிலேயே எஞ்சினை அதில் முடுக்குங்கள், சம்ப் தரையைத் தொடக் கூடாது. மரத்துக்கும் ஆசாரிக்கும் 600, 700 ஆகும், பரவாயில்லை. நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் அறையும் சரக்கு பஸ்ஸும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். திங்கள்கிழமை குறைதீர் நாளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம். இதுவரை 41 கையெழுத்து, அதில் 17 பேர் குட்டி யானை வைத்திருப்பவர்கள், மூன்று பேர் மாவு மிஷின்காரர்கள். சிங்கவரம் வருகிறவர்கள் கோயில் அடிவாரத்து டீக்கடையில் கேட்டால் மனுவைத் தருவார்கள். பேனா கொண்டு வாருங்கள், அங்கே இருந்ததை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.